முகவரி இல்லாத மாணவர்: வீடற்ற பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து நிலைநிறுத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

சேர்க்கை விண்ணப்பத்தைக் கேட்டுக் கேட்டு நிரப்பிக்கொண்டு வருகையில், ‘கதவு எண், தெரு, ஊர்’ என்ற கட்டம் வந்ததும் சில பெற்றோர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கடலூர்ப் பகுதி அரசுப் பள்ளிகளில் நெடுங்காலம் ஆசிரியராகவும் பின்னர் தலைமையாசிரியராகவும் இருந்தவன் என்ற முறையில் அந்த மௌனத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை, இடுப்பில் கைக்குழந்தையும் பக்கத்தில் எட்டு வயதுப் பெண்ணுமாக வந்த ஒரு தாய், “கெடிலம் பாலத்தாண்டன்னு எழுதிக்கலாமா சார்?” என்று கேட்டார். எழுதிக்கொள்ளலாம் என்பதே சரியான விடை. என் பணிக்காலத்தின் தொடக்கத்தில் அந்த விடையை நான் சொல்லியிருக்க மாட்டேன். ‘ரேஷன் அட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள்’ என்று அனுப்பியிருப்பேன், அவரும் திரும்பி வந்திருக்க மாட்டார்.

தலைமையாசிரியர்கள், சேர்க்கைப் பணி பார்க்கும் ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவினர், இத்தகைய குடும்பங்களுக்குத் துணையாகப் பள்ளிக்கு வரும் தன்னார்வலர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். முதலில் பிள்ளை, பிறகு தாள் என்ற வரிசையை மட்டும் எந்தப் படியிலும் மாற்றிவிடக் கூடாது. சட்டமும் அந்த வரிசையைத்தான் சொல்கிறது.

யாரை வீடற்ற மாணவர் என்று கொள்வது

கட்டடம் எதிலும் குடியிராமல் சாலையோரம், நடைபாதை, பெருங்குழாய், மேம்பாலத்தின் அடி, கோயில் மண்டபம், ரயில் நடைமேடை போன்ற இடங்களில் வாழ்பவர்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றோர் என்று கணக்கிடுகிறது. பள்ளிக்கு இந்த வரையறை போதாது. நம் மாவட்டத்தில் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் கடைத் திண்ணைகளிலும் படுப்பவர்கள் கண்ணுக்குத் தெரிபவர்கள். செங்கல் சூளையில் பச்சைக்கல்லை அடுக்கிச் சுவராக்கி அதன்மேல் தென்னங்கீற்று போட்டு ஆறு மாதம் இருப்பவர்கள், நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டுக்குக் கூட்டமாக வந்து வயல் ஓரத்தில் தங்குபவர்கள், கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பகுதி உப்பங்கழிகளில் இறாலும் நண்டும் பிடித்துக்கொண்டு பட்டா இல்லாத புறம்போக்கில் குடிசை மாற்றி மாற்றிப் போடும் இருளர் குடும்பங்கள், ஆக்கிரமிப்பு அகற்றலில் குடிசை இழந்து உறவினர் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒண்டியிருப்பவர்கள் ஆகிய எல்லோரும் பள்ளியைப் பொறுத்தவரை இந்த வகையில்தான் வருவார்கள். பிள்ளையின் வருகையைக் குலைப்பது கூரை இல்லாமை மட்டுமன்று; நாளை எங்கே இருப்போம் என்பது தெரியாமையும்தான்.

அமெரிக்காவில் 1987இல் இயற்றப்பட்ட மெக்கின்னி–வென்டோ சட்டம், இரவு தங்குவதற்கு நிலையான, முறையான, போதுமான இடமில்லாத ஒவ்வொரு பிள்ளையையும் இப்படித்தான் அணுகுகிறது. உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளையும் அதில் அடங்கும். ஒவ்வொரு கல்வி மாவட்டத்திலும் இதற்கென்றே ஒரு தொடர்பாளர் இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் நல்ல ஏற்பாடு. நம்மிடம் அப்படியொரு பதவி கிடையாது. ஆகவே ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரை இதற்குப் பொறுப்பாக்கி, மற்றவர்களுக்கும் அதைத் தெரிவித்துவிட வேண்டும். எல்லோருடைய பொறுப்பு என்று விட்டால் அது யாருடைய பொறுப்பும் ஆகாது என்பதைப் பள்ளி அலுவலக அலமாரியைத் திறந்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

சட்டம் சொல்லும் வரிசை

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள, 2009ஆம் ஆண்டின் இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் பொருந்தும். வீடு இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. சேர்க்கை மேசையில் அமர்பவர் கீழ்க்காணும் பிரிவுகளையேனும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 15ஆம் பிரிவு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்றும், கேட்டவுடன் மாற்றுச் சான்றிதழ் தராத தலைமையாசிரியர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவார் என்றும் 5ஆம் பிரிவு சொல்கிறது. நுழைவுத் தேர்வு, நேர்முகம் போன்ற வடிகட்டலை 13ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அதன் பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். புலம்பெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகளைச் சேர்ப்பதை உறுதிசெய்வது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று 9ஆம் பிரிவு தனியாகவே குறிப்பிடுகிறது.

ஆதார் பற்றிய குழப்பம் இன்னும் தீரவில்லை. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26ஆம் நாள் தீர்ப்பில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கட்டண பாக்கியை மாற்றுச் சான்றிதழில் எழுதக் கூடாது, அந்தச் சான்றிதழைக் கட்டண வசூலுக்கான கருவியாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரு காலத்தில் தனியார் பள்ளியில் படித்து, குடும்பம் நொடித்து வீதிக்கு வந்த பின் அரசுப் பள்ளியைத் தேடி வரும் பிள்ளைகளுக்கு இந்தத் தீர்ப்பு பெரிய துணை.

முதல் படி: வந்த அன்றே சேர்ப்பது

வந்தவர்களை முதலில் உட்காரச் சொல்லுங்கள். மற்ற பெற்றோர் வரிசையில் நிற்கும் இடத்தில் வைத்துக் கேள்வி கேட்காமல், தனியே ஓர் அறையிலோ மரத்தடியிலோ பேசுங்கள். ‘எங்கே குடியிருக்கிறீர்கள்?’ என்ற கேள்வி அவர்களுக்கு விசாரணை போலத் தோன்றும். முன்பு காவலரோ ஊராட்சி ஊழியரோ அதே கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து போகச் சொல்லியிருப்பார். நான் ‘பள்ளி விட்டதும் பிள்ளை எங்கே வரும், அங்கே யார் இருப்பார்கள்?’ என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். இந்த ஒரு கேள்வியிலேயே இடமும் ஆளும் நேரமும் கிடைத்துவிடும், கேட்பதன் காரணமும் அவர்களுக்குப் புரியும்.

முகவரிக் கட்டத்தில் அருகிலுள்ள அடையாளத்தை எழுதலாம். பாலம், கோயில், டீக்கடை, சூளையின் பெயர் என எதுவும் போதும். அதோடு, தகவல் சொன்னால் குடும்பத்துக்குக் கொண்டுசேர்க்கும் ஒருவரின் கைப்பேசி எண்ணையும் கேட்டு வாங்குங்கள். இவர்களுடைய சொந்த எண் மாதத்துக்கு ஒருமுறை மாறும், ரீசார்ஜ் இல்லாமல் அணைந்தும் கிடக்கும். மேஸ்திரியின் எண், கடைக்காரரின் எண், சொந்த ஊரில் இருக்கும் பாட்டியின் எண் என்று இரண்டு மூன்றாவது இருக்கட்டும். ஊரில் இருக்கும் பாட்டியின் எண்ணே பெரும்பாலும் நிலைத்து நிற்கும்.

வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் மருத்துவமனைப் பதிவு, கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவு ஆகியவற்றில் ஒன்றைக் கொள்ளலாம். எதுவுமே இல்லையென்றால் பெற்றோரோ காப்பாளரோ எழுதித் தரும் உறுதிமொழி போதும். எழுதத் தெரியாதவருக்கு நீங்கள் எழுதி, படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்குங்கள். பிறந்த நாள் தெரியாத தாய்கூட ‘தானே புயலுக்கு அப்புறம் வந்த சித்திரையில பொறந்தான்’ என்று சொல்லுவார். தானே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 என்பது நமக்குத் தெரியும், மீதி கணக்குத்தானே. ஆனால் நினைத்த தேதியை நாமே எழுதிவிடுவது பிற்பாடு வினையாகும். பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் ஒரு வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்களாக இருப்பதற்குக் காரணம் நம் முன்னோடி ஆசிரியர்களின் அவசரம்தான். அந்த அவசரத்தின் விலையைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பிள்ளைகள் கொடுத்தார்கள்.

சேர்க்கைப் பதிவேட்டில் எழுதிய அதே நாளில் சத்துணவுப் பட்டியலிலும் பெயரைச் சேர்த்துவிட வேண்டும். இது பலர் கவனிக்காத இடம். 1 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 4 இணை சீருடை சத்துணவு உண்ணும் மாணவர்களுக்கே வழங்கப்படுகிறது என்பதால், அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளைக்குச் சீருடையும் வராது. பாடநூல், குறிப்பேடு, பை, காலணி ஆகியவற்றைக் கையிருப்பிலிருந்து உடனே கொடுத்துவிட்டு, அடுத்த தேவைப் பட்டியலில் எழுதிக்கொள்ளலாம். முதல் நாள் மதியச் சோற்றைப் பிள்ளையின் தட்டில் பார்த்துவிட்டுப் போகும் தாய் மறுநாளும் பிள்ளையை அனுப்புவார். இது என் அனுபவத்தில் பொய்த்ததே இல்லை.

இரண்டாம் படி: எமிஸ் எண்ணைத் தேடுவது

புதிதாக வந்த பிள்ளைக்குப் புதிய எண் உருவாக்கும் முன், மாநிலப் பள்ளி மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தில் பழைய எண் இருக்கிறதா என்று தேடுங்கள். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி ஆகியவற்றைப் பலவாறாக மாற்றி மாற்றித் தேட வேண்டும். ‘முருகவேல்’ ஒரு பள்ளியில் ‘முருகவேலு’ ஆகவும் இன்னொன்றில் ‘வேலு’ ஆகவும் இருப்பான். பழைய பள்ளி விடுவித்திருந்தால் பெயர் பொதுத் தொகுப்பில், அதாவது நாம் ‘காமன் பூல்’ என்று சொல்வதில், கிடக்கும், அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். விடுவிக்கப்படவில்லையென்றால் அந்தத் தலைமையாசிரியரை ஒருமுறை தொலைபேசியில் அழையுங்கள். அதிலும் நடக்கவில்லையென்றால் வட்டார வள மையத்தில் எமிஸ் பணி பார்ப்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றலாம். தேடாமல் புதிய எண் போட்டால் ஒரே பிள்ளை இரண்டு பிள்ளைகளாகிவிடும். ஒன்று இடைநின்றவர் பட்டியலிலும் மற்றொன்று நம் வகுப்பிலும் இருக்கும். அதைவிட முக்கியமாக, புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் பெற 6 முதல் 12ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலோ, அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் அப்படித்தான். ஐந்தாறு பள்ளி மாறும் பிள்ளைக்கு அந்தத் தொடர்ச்சியைக் காட்டக்கூடிய ஒரே இழை அந்த எண்தான்.

கடலூருக்கே உரிய ஒரு சிக்கல் இதில் உண்டு. கன்னியக்கோயில் வந்துவிட்டாலே புதுச்சேரி. வேலை அந்தப் பக்கம் கிடைத்ததும் குடும்பம் சில கிலோமீட்டர்தான் நகர்கிறது, பிள்ளையோ வேறொரு அரசின் பள்ளிக்கும், சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கும் மாறிவிடுகிறது. நம் எமிஸ் அங்கே செல்லாது. எனவே அந்தப் பக்கம் போகும் பிள்ளையிடம் மாற்றுச் சான்றிதழோடு, நாடு முழுவதற்கும் பொதுவான யு-டைஸ் தளத்தின் நிரந்தரக் கல்வி எண்ணையும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். எல்லை தாண்டினால் மேற்சொன்ன உதவித் திட்டங்களின் தொடர்ச்சி அறுபடும் என்பதையும் 6ஆம் வகுப்பைத் தாண்டிய பிள்ளையின் பெற்றோரிடம் முன்னமே சொல்லிவிடுங்கள். முடிவு அவர்களுடையது, ஆனால் தெரிந்து எடுக்கட்டும்.

மூன்றாம் படி: எந்த வகுப்பு

வயதுக்கேற்ற வகுப்பு என்பதே 4ஆம் பிரிவின் கட்டளை. பத்து வயதில் ‘அ’ எழுதத் தெரியாமல் வரும் சிறுமியை 1ஆம் வகுப்பில் உட்கார வைப்பது எளிது. ஆனால் தன் தம்பி வயதுப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டு அவள் பத்து நாளில் நின்றுவிடுவாள். 5ஆம் வகுப்பில் சேர்த்து, அடிப்படை எழுத்தையும் எண்ணையும் தனியே சிறப்புப் பயிற்சியாகக் கற்பிக்க வேண்டும். இந்தப் பயிற்சி மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை தேவைக்கேற்ப நீளலாம். வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநரிடம் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் பெயரைச் சேர்க்கச் சொன்னால், சிறப்புப் பயிற்சிக்கான வழியும், தூரத்திலிருந்து வருபவர்களுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் போக்குவரத்து, வழிக்காவலர் வசதியும் திறக்கும்.

இவர்களுக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். சூளையில் வளர்ந்த ஒரு பையனுக்கு ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு கூலி என்றால் 650 கல்லுக்கு எவ்வளவு என்பது வாய்க்கணக்காக வரும். அதையே கரும்பலகையில் எழுதினால் விழிப்பான். அவனுக்குக் கணக்கு தெரியும், கணக்கின் எழுத்துதான் தெரியாது. பயிற்சியை அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒடிசாவிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வரும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மொழியே முதல் தடை. அதே வகுப்பில் இரண்டு மொழியும் ஓரளவு பேசும் இன்னொரு பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்துவதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

நான்காம் படி: முதல் மாதம்

சேர்ப்பது ஒரு நாள் வேலை. பிள்ளை நிற்பதும் நழுவுவதும் முதல் நான்கு வாரத்தில் முடிவாகிவிடும். கவனிக்க வேண்டியவை பெரும்பாலும் பாடம் சாராத சிறு விஷயங்கள்.

புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாலத்தடியில் படுக்கும் பிள்ளையின் பை ஒரு மழையில் நனைந்துவிடும், இல்லாவிட்டால் தலையணையாகிவிடும். நான் பார்த்த ஒரு சிறுமி தன் குறிப்பேட்டை அரிசி மூட்டையின் உள்ளே இருக்கும் பாலித்தீன் உறையில் சுற்றி, வாயை ரப்பர் வளையத்தால் கட்டி வைத்திருந்தாள். ஒவ்வொரு வகுப்பு தொடங்கும்போதும் அதை அவிழ்ப்பதற்கே இரண்டு நிமிடம் பிடிக்கும். ‘சீக்கிரம் எடு’ என்று அதட்டிய ஆசிரியை, காரணம் தெரிந்த அன்றிலிருந்து வகுப்பு அலமாரியில் ஒரு தட்டை அவளுக்கு ஒதுக்கினார். இந்த ஏற்பாட்டை ஒருவருக்கு மட்டும் செய்தால் கண்ணில் படும். விருப்பமுள்ள எல்லோரும் பையை வைத்துவிட்டுப் போகலாம் என்று பொதுவாக அறிவித்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

வீட்டுப்பாடமும் அப்படித்தான். விளக்கில்லாத இடத்துக்குப் போகும் பிள்ளையிடம் வீட்டுப்பாடம் கேட்டு முட்டி போட வைப்பது, 17ஆம் பிரிவு தடைசெய்த தண்டனை என்பதோடு, அறிவுக்கும் பொருந்தாதது. மாலை 30 நிமிடம் பள்ளியிலேயே முடித்துவிட்டுப் போக இடம் கொடுங்கள். சாலையோரத்தில் இரவெல்லாம் லாரிச் சத்தத்தில் விழித்திருந்த பிள்ளை முதல் பாடவேளையில் தூங்கினால் எழுப்ப வேண்டாம் என்று நான் ஆசிரியர்களிடம் சொல்லியிருந்தேன். கண்டிப்புக்குப் பெயர்பெற்ற ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. தூங்குவதற்குப் பள்ளி எதற்கு என்றார். பத்திரமாகத் தூங்கக் கிடைத்த ஒரே இடம் அதுதான் என்பது அவருக்குப் புரிய அரையாண்டுத் தேர்வு வரை ஆயிற்று.

குளியலும் துணியும் நுட்பமானவை. காலையில் பள்ளியைச் சற்று முன்னதாகத் திறந்து, தண்ணீரும் சோப்பும் இருக்கும் ஒரு குளியலறையைப் பூட்டாமல் வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். கையில் ஒரே சீருடை இருக்கும் பிள்ளை அதை இரவில் துவைத்து ஈரத்தோடு போட்டுக்கொண்டு வரும், அல்லது வராமலே இருந்துவிடும். மேல் வகுப்புப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் விட்டுச்செல்லும் சீருடைகளைத் துவைத்து மடித்து அலுவலகப் பெட்டியில் வைத்திருங்கள். வயதுவந்த மாணவியருக்கு அரசு தரும் விலையில்லா நாப்கின் கையில் சேர்கிறதா என்பதை ஓர் ஆசிரியை தனியே கவனிக்க வேண்டும். பேன் இருக்கிறது என்பதற்காகத் தலைமுடியை வெட்டுவதோ, பக்கத்துப் பிள்ளை முகஞ்சுளித்தான் என்பதற்காக இந்தப் பிள்ளையின் இடத்தை மாற்றுவதோ கூடவே கூடாது.

உணவைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுப் பள்ளி பெரிய கொடை. 1982 முதல் சத்துணவு, 2022 செப்டம்பர் 15இல் தொடங்கி மறு ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவு ஆகியவற்றால் 1 முதல் 5ஆம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு வேளை உறுதி. ஆனால் வெள்ளிக்கிழமை மதியச் சோற்றுக்கும் திங்கட்கிழமைக் காலை உணவுக்கும் இடையில் நெடிய பொழுது இருக்கிறது. திங்களன்று காலையில் தட்டை மூன்று முறை நீட்டும் பிள்ளை யார் என்று சமைப்பவருக்குத் தெரியும், அவரிடம் கேளுங்கள். எந்த ஆய்வறிக்கையும் தராத தகவலை அவர் தருவார்.

‘பாலத்தடிப் பிள்ளை’, ‘சூளைப் பசங்க’ என்ற பெயர்கள் ஆசிரியர் அறையில் புழங்கத் தொடங்கினால் வகுப்புக்குப் போய்ச் சேர ஒரு நாள்கூட ஆகாது. பொறுப்பாசிரியர், வகுப்பாசிரியர், தலைமையாசிரியர் ஆகிய மூவரைத் தவிர வேறு யாருக்கும் இருப்பிட விவரம் தெரிய வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: தாள்களைத் தேடித் தருவது

பிள்ளை வகுப்பில் அமர்ந்த பிறகு தாள்களுக்கான வேலையைப் பள்ளி தொடங்கலாம். ஓராண்டைக் கடந்த பிறப்புப் பதிவுக்கு வருவாய்க் கோட்டாட்சியர் நிலையில் உத்தரவு தேவைப்படும். 2023 அக்டோபர் 1க்குப் பின் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான சான்றாகப் பிறப்புச் சான்றிதழையே திருத்தப்பட்ட பதிவுச் சட்டம் முன்வைக்கிறது. அந்தப் பிள்ளைகள் 1ஆம் வகுப்புக்கு வரும் நாள் தொலைவில் இல்லை என்பதால், அங்கன்வாடியிலேயே இதைத் தொடங்கச் சொல்லுங்கள். இருளர், நரிக்குறவர் போன்ற பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழும் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்தே வர வேண்டும். மாதக் கணக்கில் நடக்கும் வேலை என்பதால் 9ஆம் வகுப்பு வரை காத்திருக்கக் கூடாது.

ஆதார் எடுக்க முகவரிச் சான்று இல்லையென்று குடும்பங்கள் திகைக்கும். அங்கீகரிக்கப்பட்ட பள்ளியின் தலைமையாசிரியர் ஆதார் ஆணையத்தின் படிவத்தில் தம் மாணவருக்குக் கையொப்பமிட்டுத் தரும் சான்று இதற்கு ஏற்றுக்கொள்ளப்படும். உங்கள் கையொப்பத்துக்கு இவ்வளவு மதிப்பு இருக்கும் இடங்கள் குறைவு, தயங்காமல் போடுங்கள்.

பிள்ளை தனியாக வந்தால்

பெற்றோரோடு வீதியில் இருக்கும் பிள்ளையும், யாருமில்லாமல் வீதியில் இருக்கும் பிள்ளையும் வேறு வேறு. வீடோ நிலையான தங்குமிடமோ பிழைப்புக்கான வழியோ இல்லாத குழந்தையை, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்கிறது. காப்பாளரைப் பிரிந்து தனியே இருக்கும் குழந்தையைக் கண்டவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், மறைப்பது குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள், அல்லது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தெரிவியுங்கள். அங்கிருந்து பிள்ளை குழந்தைகள் நலக் குழுவின் முன் செல்லும். பாலியல் கொடுமை பற்றிய அறிகுறி தெரிந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிவிப்பது கட்டாயம், பள்ளியின் பெயர் கெடுமே என்ற தயக்கத்துக்கு அங்கே இடமில்லை.

ஆனால் தாய் தந்தையோடு இருக்கும் பிள்ளையை, வீடில்லை என்ற ஒரே காரணத்துக்காக இல்லத்துக்கு அனுப்பத் துடிப்பது தவறு. நிறுவனப் பராமரிப்பு கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் கொள்கை. ‘புள்ளைய பிடிச்சிக்கிட்டுப் போயிடுவாங்களா?’ என்ற பயத்தினாலேயே பல தாய்மார் பள்ளிப் பக்கம் வருவதில்லை. அந்தப் பயத்தை முதல் நாளே வாய்விட்டுப் பேசித் தீர்த்துவிடுங்கள். விடுதி வேண்டுமென்று குடும்பமே விரும்பினால், இப்போது சமூக நீதி விடுதிகள் என்று பெயர் மாறியுள்ள அரசு நல விடுதிகளும், உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக் கரங்கள் திட்டத்தையும் விசாரியுங்கள்.

ஆறாம் படி: போகும் பிள்ளையை வழியனுப்புவது

நாம் எல்லோரும் சேர்க்கையைப் பற்றியே பேசுகிறோம். என் கணிப்பில், இந்தப் பிள்ளைகளின் படிப்பு அறுபடுவது பள்ளியை விட்டுப் போகும் நாளில்தான். பொங்கல் கழிந்ததும் மேஸ்திரி முன்பணம் கொடுத்து லாரியில் ஏற்றிச் செல்வார், மழை தொடங்கும் முன் திரும்புவார்கள். இதனால் பிள்ளை இந்தக் கல்வியாண்டின் இறுதியையும் அடுத்த ஆண்டின் தொடக்கத்தையும் சேர்த்து இழக்கிறது. வருகைப் பதிவேட்டில் ‘நீண்ட நாள் வராதவர்’ என்று சிவப்பு மையில் எழுதி நாம் கணக்கை முடித்துவிடுகிறோம்.

மார்கழியிலேயே பெற்றோரிடம் பேசத் தொடங்குங்கள். எந்த ஊர், எந்தச் சூளை, எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டு, அந்த ஊரின் பள்ளித் தலைமையாசிரியருக்கு நீங்களே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். பிள்ளையின் கையில் ஒரு கெட்டி அட்டையைக் கொடுத்து அனுப்புவது என் பழக்கம். அதில் பெயர், எமிஸ் எண், வகுப்பு, எந்தப் பாடம் வரை நடந்திருக்கிறது, நம் பள்ளியின் எண் ஆகியவை இருக்கும். மழைக்குத் தாங்குமாறு லேமினேட் செய்திருப்போம். செலவு இருபது முப்பது ரூபாய்க்குள் அடங்கும். ஒருமுறை செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் அந்த அட்டையைப் பார்த்து அழைத்து, “உங்க பையன் வந்திருக்கான் சார், ஐந்தாம் பாடத்திலிருந்து தொடங்கிட்டேன்” என்றார். மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பெற்றோருக்கு நேரமில்லாமல் போனாலும் அந்த அட்டை வேலை செய்தது.

சில மாதங்களில் திரும்பும் பிள்ளையை மறுபடி புதிதாகச் சேர்க்கும் சடங்கு வேண்டாம். வந்தவுடன் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு மற்றதைப் பிறகு பாருங்கள். குடும்பம் முன்பணத்துக்குக் கட்டுண்டு வெளியேற முடியாமல் இருப்பதாகத் தெரிந்தால் அது 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்த கொத்தடிமை முறை. கோட்டாட்சியருக்குத் தெரிவிக்க வேண்டியது.

வெள்ளமும் புயலும்

நம் மாவட்டத்தில் ஒரே இரவில் வீடற்றவர்கள் ஆவது புதிதன்று. 2004 சுனாமி, 2011 தானே, 2015 வெள்ளம், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணையில் வந்த பெருவெள்ளம் என ஒவ்வொரு முறையும் பள்ளிக் கட்டடங்களே முகாம்களாயின. அந்த நாள்களில் குடும்பம் பள்ளியில் இருக்கும், பள்ளி நடக்காது. முகாம் கலைந்ததும் உறவினர் ஊருக்குப் போனவர்களைத் தேடுவதுதான் கடினம். முகாமில் இருக்கும்போதே ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பள்ளி, அடுத்து போகும் ஊர் ஆகியவற்றை எழுதி வாங்கிவிடுங்கள். தொலைந்த சான்றிதழ்களுக்கு 2015இல் நடந்ததுபோல அரசு சிறப்பு முகாம் அறிவிக்கும், அதற்கு நம் சேர்க்கைப் பதிவேடே ஆதாரம். ஆகவே மழைக்காலம் தொடங்கும் முன் அந்தப் பதிவேட்டைக் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

14 வயதைத் தாண்டியவர்கள்

கல்வி உரிமைச் சட்டத்தின் வயது வரம்பு 14 என்றாலும், தொடக்கக் கல்வியை முடிக்காதவர் அதன் பின்னும் முடிக்கும் வரை இலவசமாகப் படிக்கலாம் என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளிக்கு வரவே முடியாதவர், 12½ வயது நிறைந்திருந்தால் 8ஆம் வகுப்புத் தேர்வை நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். 10ஆம் வகுப்பு மாணவரின் குடும்பம் பொங்கலுக்குப் பின் கிளம்புவதாக இருந்தால், தேர்வு முடியும் வரை பிள்ளை மட்டும் தங்க விடுதியோ உறவினர் வீடோ கிடைக்குமா என்று கார்த்திகையிலேயே பாருங்கள். தேர்வர் பெயர்ப் பட்டியலில் பெயரும் பிறந்த தேதியும் சரியாக ஏறியிருப்பதையும் அப்போதே உறுதிசெய்யுங்கள்.

சேர்க்க மறுத்தால்

தன்னார்வலர்களும் பெற்றோரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பள்ளி மறுத்தால் வாக்குவாதம் செய்யாமல், ஏன் மறுக்கிறீர்கள் என்பதை எழுத்தில் தரும்படி அமைதியாகக் கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே சேர்க்கை நடந்துவிடும். நடக்கவில்லையென்றால் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு வட்டாரக் கல்வி அலுவலர், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு மாவட்டக் கல்வி அலுவலர், அதன் மேல் முதன்மைக் கல்வி அலுவலர் என்று போகலாம். 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் முறையிட்டால் மூன்று மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். அதிலும் நிறைவில்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். திங்கட்கிழமை மஞ்சக்குப்பத்தில் ஆட்சியர் நடத்தும் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுப்பதும் பயன் தரும். மனுவில் முகவரி எழுதும் இடத்தில் தயங்க வேண்டாம். பாலத்தின் பெயரை எழுதி, பதில் வந்தால் வாங்கித் தருபவரின் கைப்பேசி எண்ணைப் போடுங்கள்.